இயற்கையில் மன்னிப்பும் மீட்பும்: நம் கொங்கு மண்ணில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், சென்னிமலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையில் லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு சனிக்கிழமை, வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளை ஆலயத்துக்கு வெளியே அழைத்துச் சென்று, இறைவன் படைத்தவற்றின் நடுவில் மன்னிப்பையும் மீட்பையும் பற்றித் தியானிக்கச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்து, அதை நடத்தும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் கல்லூரியிலும் மேல்நிலைப் பள்ளியிலும் படிக்கிறவர்கள். காட்டு வேலை தெரிந்தவர்கள் என்று பார்த்தால் ஓரிருவர்தான் தேறுவார்கள்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. முதலாவது எளியது. இந்தப் பொருளில் நான் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களில் வந்த இயற்கை எல்லாம் வேறு தேசத்தைச் சேர்ந்தது. பாவங்கள் உறைந்த மழையைப்போல் வெண்மையாகும் என்று ஏசாயா சொல்வதைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தேன். ஆனால் உறைந்த மழையை நான் பார்த்ததில்லை, இந்தப் பிள்ளைகளும் பார்த்ததில்லை. ஈஸ்டர் வாழ்த்து அட்டையில் வசந்த காலத்துப் பூக்கள் நிறைந்திருக்கின்றன. நமக்கோ அது கிணறு வற்றுகிற பங்குனி, சித்திரை. ஒலிவ மரமும் லீலிப்பூவும் இல்லாத இந்த வறண்ட சீமையில், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி எதைக் காட்டலாம்?

இரண்டாவது சந்தேகம்தான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. உண்மையில் இயற்கை மன்னிக்கிறதா? விவசாயியான என் தகப்பனார், "மண்ணு எதையும் மறக்காது" என்பார். நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சினோம். இன்று ஆயிரம் அடிக்கும் கீழே குழாய் இறக்கியும் புகைதான் வருகிறது. மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்று கலாத்தியர் நிருபம் சொல்லும்போது, அது வயலைப் பார்த்துத்தான் சொல்கிறது. வரவையும் செலவையும் பைசா விடாமல் எழுதி வைத்துக்கொள்ளும் இயற்கையைக் காட்டி, கடனைத் தள்ளுபடி செய்யும் இறைவனைப் பற்றி எப்படிப் பேசுவது? இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்; கேட்கவும் வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை, தாராபுரம்

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கு இறையியல் படித்தவர்கள் வரட்டும். நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். சபை வேறானாலும் தவக்காலத்து வெயில் இருவருக்கும் ஒன்றுதான்.

ஐரோப்பாவில் உயிர்ப்புப் பெருவிழா வரும்போது நிலமே அதற்கு அலங்காரம் செய்துவிடுகிறது. நம் ஊரில் அந்த வாரத்தில் பச்சையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. தேடிப் போனால் முதலில் கண்ணில் படுவது சாலையோரத்துப் புங்கன் மரமாகத்தான் இருக்கும். மாசியில் அதன் இலைகள் பழுத்து உதிர்ந்து, மரத்தடி முழுவதும் சருகாகிவிடும். அடுத்த சில வாரங்களில், ஒரு சொட்டு மழைகூட விழாதபோதே, கிளை நுனிகளெல்லாம் எண்ணெய் பூசியது போன்ற இளந்தளிர்களால் நிறைந்துவிடும். மழைக்குப் பின் தளிர்க்கும் மரத்தைப் பார்த்து எவரும் காரணம் கேட்பதில்லை. புங்கனோ, வெயில் இன்னும் ஏறப்போகிற நேரத்தில், மழையை எதிர்பார்த்துக் காத்திராமல் தளிர்க்கிறது. இதில் அற்புதம் ஒன்றுமில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லுங்கள்: அதன் வேர் ஆழமாக இறங்கி, முந்தைய பருவங்களில் மண்ணுக்குள் இறங்கிய ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம், நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்ற உரோமையர் திருமுகத்தின் வரி எனக்கு நினைவுக்கு வருகிறது. நாம் மனம் மாறிய பிறகு கிடைத்த கூலியாக அதைப் பவுல் பேசவில்லை. தகுதி பிறக்கும் முன்பே வந்துவிட்ட ஒன்றாகவே பேசுகிறார்.

வேம்பும் அதே காலத்தில் தளிர்த்துப் பூக்கிறது; அதை எல்லோரும் அறிவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் அதிகமாகச் சொல்ல விரும்புவது முள்ளுக்கிளுவையைப் பற்றி. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் கொறங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டை, சுற்றி உயிர்வேலியாக நிற்கிறதே, அதுதான். தவக்காலத்தில் நீங்கள் போனால் அதில் ஓர் இலையும் இருக்காது. சாம்பல் நிறக் குச்சிகளும் முள்ளுமாக, யாரோ விறகை நட்டு வைத்ததைப் போலத் தெரியும். பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பச்சை இருக்கும். முதல் மழை இறங்கியவுடன் அதே குச்சியில் இலை அரும்பும். வெட்டிய கிளையை மழைக்காலத்தில் மண்ணில் ஊன்றினாலும் வேர் பிடித்துக்கொள்ளும். நம் வேலிகள் எல்லாம் அப்படி ஊன்றியவைதாம்.

இந்தக் கிளுவை, தாவரவியலில் காமிஃபோரா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினைத் தரும் மரமும் அதே பேரினம்தான். அது அரேபியாவிலும் வடகிழக்கு ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் வளர்கிறது. அதாவது ஞானிகள் குழந்தை இயேசுவின் முன் வைத்ததும், சிலுவையில் அறையும் முன் திராட்சை இரசத்தில் கலந்து கொடுக்கப்பட்டபோது அவர் குடிக்க மறுத்ததும், அடக்கத்தின்போது நிக்கதேம் சுமந்து வந்ததும் நம் வேலியின் பங்காளி மரத்துப் பிசின்தான். அந்தப் பிசின் மரத்தில் சும்மா வழிவதில்லை. பட்டையில் காயம் பட வேண்டும். காயத்தை மூடுவதற்காக மரம் சுரக்கிற பாலே கட்டியாகி மணக்கிறது. நம் கிளுவையிலும் கொடுவாள் பட்ட பழைய வெட்டு வாய்களில், மிளகளவு, சில இடங்களில் கொத்தமல்லி விதையளவு, பிசின் உறைந்திருப்பதைக் காணலாம். அதைக் கிள்ளி விரலில் தேய்த்து முகரச் சொல்லுங்கள். தயவுசெய்து பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் புதிதாக வெட்ட வேண்டாம். பழைய காயங்களே போதுமான அளவு இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் சீமையில் அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு நின்றுபோவது பெரும்பாலும் இந்த வேலி ஓரத்தில்தான். ஒரு முழம் இங்கே நகர்த்திவிட்டான், அரை முழம் அங்கே தள்ளிவிட்டான் என்று ஆரம்பிக்கிற வழக்கு பேரன் காலம் வரை போகும். மன்னிப்பைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் உங்களுக்குக் கிடைக்காது.

தென்னை விவசாயி, ஆனைமலை

அக்கா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் தளிர்க்கிற மரங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, பாஸ் ஆன பிள்ளையின் மார்க் சீட்டை மட்டும் காட்டுகிற பள்ளிக்கூட விளம்பரம் போல ஆகிவிடும். திரும்பி வராத மரமும் இருக்கிறது. நான் வைத்திருப்பது அந்த மரம்தான்.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அரசு அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னைகள் அப்போது எப்படி நின்றன என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் குரும்பைகள் கொட்டின. பிறகு அடி மட்டைகள் ஒவ்வொன்றாக மடிந்து மரத்தோடு தொங்கின. கடைசியில் நடுக்குருத்து கருகியது. தென்னைக்கு வளரும் இடம் உச்சியில் ஒன்றே ஒன்றுதான். புங்கனைப் போலவோ வாகையைப் போலவோ பக்கத்தில் வெடித்துக் கிளம்ப அதற்கு வழி கிடையாது. அந்த ஒரு குருத்து போனால் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது வெறும் கம்பம்தான். குருத்தோலை ஞாயிறுக்கு முன்பு எங்கள் ஊர்க் கோயில் பிள்ளைகள் தோப்புக்கு வந்து ஓலை கேட்பார்கள். விரியாத இளம் ஓலையை எடுத்தால் மரம் தாங்கிக்கொள்ளும், அதன் அடியில் இருக்கும் மொட்டில் கத்தி படக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் ஏறவிடுகிறேன்.

எங்களுக்கு மேலே இருக்கும் டாப்சிலிப்பில் கதை நேர்மாறானது. கப்பல் கட்டவும் இரயில் தண்டவாளக் கட்டைக்கும் ஆனைமலைத் தேக்கை வெட்டி வெட்டிக் காடே மொட்டையான பிறகு, ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி வந்தார். வேரோடு அழிக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் தேக்கு மறுபடியும் துளிர்க்கும் என்பதை நம்பி வேலை செய்தார். சட்டைப் பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணைக் குத்தி விதைத்துக்கொண்டே நடப்பார் என்றும் சொல்வார்கள். 1933-இல் இறந்த அவருடைய கல்லறை அங்கேயே இருக்கிறது. என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயானால் சுற்றிலும் பார் என்ற பொருளில் அதில் இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதே மலைக்கு அடிவாரத்தில் குருத்து கருகிய தென்னையும் நின்றது. இரண்டையும் படைத்தவர் ஒருவரே அல்லவா?

நீங்கள் லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் வரும் காய்க்காத அத்தி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிப் போடு என்கிறார் சொந்தக்காரர். இந்த ஒரு வருடம் விடுங்கள், சுற்றிக் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறார் தோட்டக்காரர். கொத்துகிறவனின் முதுகுவலி அந்த மரத்துக்குத் தெரியாது. வறட்சிக்குப் பிறகு நானும் உயிர் இருந்த மரங்களுக்கெல்லாம் வட்டப் பாத்தி எடுத்து, தொழு உரம் வைத்து, லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். பல மரங்கள் தேறின, சில தேறவில்லை. அந்த உவமை, மரம் காய்த்ததா இல்லையா என்பதைச் சொல்லாமலே முடிகிறது. நம் பிரசங்கிகள் அவசரப்பட்டுக் காய்க்க வைத்துவிடுகிறார்கள்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், சென்னிமலை

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. கிளுவை வேலியை அன்றாடம் கடந்து போகிறேன். அதற்கும் வெள்ளைப்போளத்துக்கும் உறவு உண்டென்பது எனக்குப் புதிய செய்தி.

ஐயாவின் பதிலைப் படித்த பிறகு என் இரண்டாவது சந்தேகம் இன்னும் கூர்மையாகிவிட்டது. இயற்கை மறுபடியும் தழைப்பதைக் காட்டுகிறது. சில சமயம் அதையும் காட்டுவதில்லை. எப்படியானாலும் தழைப்பது வேறு, மன்னிப்பது வேறு அல்லவா? எங்கள் குழுவில் உள்ள ஒரு பெண்ணின் தகப்பனார் பல ஆண்டுகள் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். இந்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னவுடனே அந்தப் பெண், "அண்ணா, நொய்யல் நம்மை மன்னிக்குமா?" என்று எங்கள் ஆற்றைப் பற்றிக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஆயர், ஈரோடு

அந்த மகள் கேட்டதே உங்கள் நிகழ்ச்சியின் தலைப்பாக இருக்கட்டும் என்று சொல்வேன். ஆனால் அதற்கு வருவதற்கு முன், இயற்கை எவ்வளவு பேசும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் என்பதை வேதமே தெளிவாகக் காட்டுவதைக் கவனிக்க வேண்டும்.

ரோமர் 1-ஆம் அதிகாரத்தில் பவுல், படைக்கப்பட்டவைகளால் தேவனுடைய நித்திய வல்லமையும் தேவத்துவமும் காணப்படும் என்கிறார். மன்னிப்பு காணப்படும் என்று அவர் சொல்லவில்லை. 19-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டால், வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துவதும், சூரியன் மணவாளனைப் போலப் புறப்படுவதும் முதற்பாதியில் முடிந்துவிடுகின்றன. அதன் பின் கர்த்தருடைய வேதத்தைப் பற்றிய பகுதி வருகிறது. மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும் என்ற வேண்டுதல் அதற்கும் பிறகுதான் வருகிறது. சூரியனைப் பார்த்து எவனும் அந்த வேண்டுதலைச் செய்யவில்லை.

யோபு 14-ஆம் அதிகாரமும் அப்படியே. வெட்டப்பட்ட மரம் தண்ணீரின் வாசனையினால் துளிர்க்கும் என்ற வசனத்தை எடுத்து நம்பிக்கைப் பிரசங்கம் செய்கிறோம். அடுத்த சில வசனங்களை வாசித்தால், மரத்துக்காவது நம்பிக்கை உண்டு, மனுஷனோ படுத்தால் எழுந்திருப்பதில்லை என்று யோபு முறையிடுவது தெரியும். ஆனைமலை ஐயாவின் தென்னை இருக்கும் இடத்தில்தான் யோபு தன்னை வைத்துப் பார்க்கிறான். டாப்சிலிப் தேக்கின் இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மரம் துளிர்ப்பதைப் பார்த்து உயிர்த்தெழுதலை நாம் கண்டுபிடிப்பதில்லை. உயிர்த்தெழுதலின் செய்தியைக் கேட்டவன் அந்தத் துளிரைப் பார்க்கும்போது நினைவுகூருகிறான். நினைவூட்டலுக்கு இந்த அளவுதான் பலம் உண்டு. அதற்கு மேல் பாரம் ஏற்றினால் முறிந்துவிடும்.

இனி நொய்யலுக்கு வருகிறேன். உங்கள் சென்னிமலைக்குப் பக்கத்தில்தானே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது? பிள்ளைகளை அங்கேயே கூட்டிச் செல்லுங்கள். வெள்ளியங்கிரி மலையில் தெளிந்த நீராய் இறங்குகிற ஆறு, கோவையையும் திருப்பூரையும் கடந்து அங்கே வந்து சேர்கிறது. பாசனத்துக்காக 1992-இல் திறக்கப்பட்ட அணை அது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதில் சாயக்கழிவு நீர் தேங்கி, அந்த நீரை எங்கள் நிலத்துக்கு விடாதீர்கள் என்று விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. அணைக்குக் கீழே கிணறுகள் உப்பாயின. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழிவு நீரைத் துளியும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே பட்டறைகளின் கூலியில்தான் நம் சபைகளில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குற்றவாளிகளை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, நாம் உள்ளே நின்று பேசக்கூடிய விஷயம் அல்ல இது.

அங்கே பிள்ளைகளின் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்து இதைச் சொல்லுங்கள். சாயக் கழிவு வருவது நின்றவுடனே நிலம் குணமாகிவிடவில்லை. மண்ணில் ஏறிய உப்பை மண் தானாக அழித்துவிட முடியாது. வெயில் அதை அழிக்காது; காலம் அழிக்காது. காலம் செய்வதெல்லாம், நீர் ஆவியாக ஆவியாக அதை மேலே கொண்டுவந்து வெள்ளையாய்ப் பூக்க வைப்பதுதான். நல்ல தண்ணீர் மேலிருந்து வந்து, உப்பைத் தன்னில் கரைத்துக்கொண்டு, சுமந்துகொண்டு வெளியேற வேண்டும். அப்படிச் சுமக்கிற தண்ணீர் அதன் பிறகு நல்ல தண்ணீராக இருப்பதில்லை. உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி என்று யோவான்ஸ்நானகன் சொன்னதன் கனத்தை எனக்கு விளங்க வைத்தது எந்த வியாக்கியான நூலும் அல்ல. ஒரு விவசாய அதிகாரி வயலோரத்தில் நின்று சொன்ன இந்த விளக்கம்தான். மன்னிப்பு என்றால் உப்பு இல்லை என்று சாதிப்பது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது இருக்கிறது, அதை வேறொருவர் சுமந்தார் என்பதே நம் அறிக்கை.

ஆனாலும் இந்த ஒப்புமை ஓரிடத்தில் நொண்டுகிறது என்பதை ஒளிக்காதீர்கள். இங்கிருந்து கழுவப்படும் உப்பு, ஆற்றோடு கரூர் மாவட்டத்துக்குப் போய்க் காவிரியில் கலக்கிறது. நம் வயல் சுத்தமாகும்போது கீழே இருக்கிறவனுடைய கிணற்றில் அது ஏறலாம். இயற்கையால் சுமையை இடம் மாற்றத்தான் முடியும். நம்முடைய பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவார் என்று மீகா சொல்கிறாரே, அந்த ஆழம் பூமியில் இல்லை.

எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தை அங்கே வாசிக்கலாம். ஆலயத்திலிருந்து புறப்படும் நதி, போகிற இடமெல்லாம் கடலின் தண்ணீரை ஆரோக்கியமாக்குகிறது. கரையில் மரங்கள் நிற்கின்றன, மீன்கள் திரளாய் இருக்கின்றன. ஆனால் அதே தரிசனத்தில், அங்குள்ள உளையான பள்ளங்களும் மேடுகளும் ஆரோக்கியமாகாமல் உப்பாகவே விடப்படும் என்ற 11-ஆம் வசனமும் இருக்கிறது. இந்த வசனத்தைப் பிரசங்கத்தில் நான் கேட்டதே இல்லை. ஒரத்துப்பாளையத்தில் நின்று வாசித்தால் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

வரி வசூலித்த சகேயுவையும் மறக்க வேண்டாம். காட்டத்தி மரத்திலிருந்து இறங்கி வந்தவன், ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்தபின்பு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பக் கொடுக்கிறேன் என்கிறான். கொடுத்ததனால் அவர் அவன் வீட்டுக்கு வரவில்லை. அவர் வந்ததனால் அவன் கொடுத்தான். நொய்யல் நம்மை மன்னிக்குமா என்று கேட்ட மகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஆறு மன்னிக்காது, மன்னிக்க அதற்கு மனம் இல்லை. மன்னிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரால் மன்னிக்கப்பட்டவன் ஆற்றுக்குத் தர வேண்டியதைத் தராமல் இருக்க முடியாது.

நேரம் இருந்தால் திருப்பூர் நஞ்சராயன் குளத்தையும் காட்டுங்கள். ஒரு காலத்தில் கழிவு நீரால் கெட்டிருந்த அந்தக் குளத்தில் இன்று பறவைகள் நிறைந்திருக்கின்றன. 2024-இல் அது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் அணையைப் பார்க்காமல் குளத்தை மட்டும் பார்க்க வேண்டாம்.

கொறங்காட்டுக்காரர், காங்கேயம்

நான் கிறிஸ்தவன் அல்ல, வேதமும் வாசித்ததில்லை. கிளுவை வேலியைப் பற்றிய பேச்சு என்பதால் படிக்க ஆரம்பித்தேன். ஆசிரியையம்மா சொன்ன வேலி வழக்கு எங்கள் குடும்பத்திலேயே நடந்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் காட்டுக்கும் சித்தப்பா காட்டுக்கும் நடுவில் உள்ள பொழியில் (எல்லையில்) அவர் வேலியைத் தள்ளி ஊன்றிவிட்டார் என்று அப்பா சொன்னார். அது பழைய இடம்தான் என்று சித்தப்பா சொன்னார். கிளுவை வேர் பிடித்து ஆள் உயரம் ஆகிவிட்டது, இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை; கல்யாணத்துக்கும் போகவில்லை, எழவுக்குப் போனாலும் தள்ளி நின்றுவிட்டு வந்தோம். மேலே தென்னை விவசாயி ஐயா எழுதிய அதே வறட்சியில், சித்தப்பா காட்டில் கொழுக்கட்டைப் புல் தூரோடு போய்விட்டது. அவர் புல்லை ஓய்வு கொடுக்காமல் மேய்த்தவர். எங்கள் அப்பா, மழை பெய்து புல் தழையும் வரை பட்டி ஆடுகளை வெளியே விடாமல் அடைத்து வைத்து மேய்ப்பவர். அதனால் எங்கள் காட்டில் கொஞ்சம் தீனி நின்றிருந்தது, வெள்வேல மரங்களிலும் காய் இருந்தது. ஒரு நாள் காலையில் அப்பா யாரிடமும் சொல்லாமல் கொடுவாளை எடுத்துப் போய், அந்த வேலியிலேயே ஒரு கடவு வெட்டிவிட்டார். சித்தப்பாவின் எருமையும் ஆடுகளும் எங்கள் காட்டுக்குள் வந்தன. "அவன் செஞ்சது செஞ்சதுதான். அதுக்கு வாயில்லாச் சீவன் என்ன பண்ணும்?" என்றார் அப்பா. தீனி பங்காகிவிட்டதால் எங்கள் மேச்சேரி ஆடுகளில் பாதியை அந்த வருடம் கிடைத்த விலைக்கு விற்க வேண்டியிருந்தது. எங்கள் அம்மா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். பொழி இன்னும் சித்தப்பா ஊன்றிய இடத்தில்தான் இருக்கிறது. கடவும் அடைபடாமல் இருக்கிறது. ஆயர் ஐயா சொல்கிற மன்னிப்பில் இது சேருமா சேராதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆசிரியர் தம்பிக்கு வேறு இடம் அமையவில்லை என்றால் பிள்ளைகளை எங்கள் காட்டுக்கே கூட்டி வரலாம். வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். செருப்பில்லாமல் யாரும் வர வேண்டாம். வெள்வேல முள் மண்ணில் கிடக்கும். குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். கிளுவைப் பிசினைக் கிள்ளிய கையைக் கண்ணில் வைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போகும்போது படலைச் சாத்திவிட்டுப் போனால் போதும்.